ஏறி வருகிறவளுக்கு வழி

அப்பு,

நேற்று நீ போனில் கேட்டதற்கு "பாப்போம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். உனக்கு அது சம்மதம் மாதிரிக் கேட்டிருக்கும். நம் வீட்டில் அந்தச் சொல்லுக்குப் பாதிச் சம்மதம் என்றுதான் பொருள். நீ சைக்கிள் கேட்டபோதும், மேற்படிப்புக்கு அவ்வளவு தூரம் போகிறேன் என்றபோதும் உன் அப்பா அப்படித்தான் சொன்னார், பிறகு செய்தும் கொடுத்தார். நான் நேற்றுச் சொன்னது அந்த வகையில் சேராது. மனதில் இருந்த பதிலைப் போனில் சொல்ல எனக்கு வரவில்லை, அவ்வளவுதான். நான் பேசி ஜெயிக்கிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். எழுதினால் யோசித்தபடி எழுதலாம், அடித்துத் திருத்தலாம், நடுவில் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வரலாம். படித்து முடித்ததும் லீஸுக்கும் ஒரு வரி விடாமல் சொல். அவளுக்குத் தெரியக்கூடாதது என்று இதில் ஏதாவது இருந்தால், அது நீ என்னிடம் கேட்டது மட்டும்தான்.

நீ கேட்டதை உன் வாயால் வந்தபடியே எழுதிவிடுகிறேன். "அம்மா, வீட்ல தை மாசம்தான் கல்யாணம் வைக்கணும்ங்கிறாங்கன்னு நீயே அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிரு. நீ சொன்னாக் கேப்பா" என்றாய். தையில்தானே அவளுக்குத் தேர்வுப் போட்டி என்று நான் கேட்டேன். "ஆமா. அதுக்குத்தான்" என்றாய். பிறகு நீ மெதுவாக, ஏதோ எனக்கு ஆறுதல் சொல்வதைப் போலச் சொன்னாய்: "நான் நிறுத்துன்னு சொன்ன மாதிரி இருக்காதும்மா. தேதி வந்து நின்ன மாதிரி இருக்கும்."

அந்தக் கடைசி வாக்கியம் நேற்றிலிருந்து என்னோடு வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறது. நீ ஈவிரக்கம் இல்லாத பிள்ளை இல்லை. பயிற்சி முடிந்து வந்து மாடிப்படியில் ஏற முடியாமல் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறாய். போன வருஷம் தோற்ற அன்று அவள் அழாமல் பாத்திரம் கழுவியதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்து நீ அழுதாய். இன்னொரு குளிர்காலம் அப்படிப் பார்க்க உனக்குத் தெம்பில்லை. அன்பினால்தான் கேட்கிறாய் என்று நம்புகிறேன். நம்பிய பிறகும் நீ கேட்டதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று சொல்ல எங்கெங்கோ போய்த்தான் வர வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

அவளைப் பற்றி நீ முதன்முதலில் சொன்னபோது இங்கே நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. ராசிங்காபுரத்து அத்தை அன்று வீட்டில் இருந்தார்கள். பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டார்கள். ஐஸ் மேலே ஓடுகிறாள் என்றேன். "ஐஸ் பேக்டரியிலயா? வெளிநாடு போயும் ஐஸ் பேக்டரிதானா? மீனு ஏத்துற ஐஸா, குச்சி ஐஸா?" என்றார்கள். நான் விளக்குவதற்குள் உன் அப்பா பெயரைக் கேட்டார். லீஸ் என்றேன். மலையில் ஏலக்காய்த் தோட்டத்தை லீசுக்கு எடுத்தே பாதி ஆயுள் போன மனுஷன் அவர். "லீசா? கிரயம் ஆகாதாக்கும்?" என்று சொல்லிவிட்டு, தானே சிரித்து, இருமி, தண்ணீர் கொண்டா என்றார். அன்றிலிருந்து இந்த வீட்டில் உன் காதலுக்கு அதற்கு மேல் பெரிய எதிர்ப்பு எதுவும் வரவில்லை என்பதை நினைத்துப் பார்.

போன குளிர்காலத்துத் தேர்வுப் போட்டியை நீ அனுப்பிய லிங்கில் போனில் பார்த்தோம். சாயங்காலம், உன் அப்பா மலையிலிருந்து வந்து கால் கழுவிய கையோடு உட்கார்ந்தார். அவர் ஜல்லிக்கட்டு பார்த்த ஆள். இரண்டே இரண்டு பெண்கள், ஆளுக்கொரு தடத்தில், பூட்ஸுக்கு அடியில் நீளக் கத்தி வைத்துக் கட்டிக்கொண்டு, குனிந்தபடி, கையை முதுகில் கட்டிக்கொண்டு வழுக்கிப் போவதைப் பார்த்து, "ஏ புள்ள, என்ன இது, ஒருத்திய ஒருத்தி தொடக்கூட மாட்டேங்குறாளுக. இதுவா பந்தயம்?" என்றார். எனக்கும் அப்போது விதிகள் தெரியாது. பின்கோட்டில், அதாவது எதிர்ப்பக்கத்து நேர்பாதையில், அவர்கள் தடம் மாறுகிற இடத்தில் லீஸ் திடீரென்று நிமிர்ந்தாள். மற்றவள் அவளுக்கு முன்னால் வெட்டிக்கொண்டு போனாள். லீஸ் மறுபடி குனிந்தாள். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. "ஏன் நிமுந்துட்டா? வலிச்சிருச்சா?" என்று உன் அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். கண் சிமிட்டுகிற நேரத்தைவிடக் குறைவான ஒரு துளியில் அவள் உலகப் போட்டிக்குப் போகிற இடத்தை இழந்தாள் என்று பிறகு நீ சொன்னாய்.

ஆவணியில் நீங்கள் வந்து இங்கே தங்கியிருந்தபோது நான் அவளிடமே அதைக் கேட்டேன். நீ உன் சிநேகிதனைப் பார்க்கச் சிலமலைக்குப் போயிருந்தாய். நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவளும் தரையில் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கி, கண்ணீர் வழிய, விடாமல் உரித்தாள். எனக்கு இங்கிலீஷ் படிக்க வருகிற அளவு பேச வராது. அவளுக்கும் அது சொந்த மொழி இல்லை. அதனால் இரண்டு பேரும் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசினோம். நான் யாரோடும் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை என்று தோன்றுகிறது.

அவளுடைய அப்பா மாடு வைத்திருக்கிறவர். அவர்கள் நாட்டின் வடக்கே ஃப்ரீஸ்லாந்தில், வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால். அது உறைந்துபோன ஒரு குளிர்காலத்தில் அவளுக்கு நான்கைந்து வயது. சமையலறை நாற்காலி ஒன்றைக் கொண்டுபோய்ப் பனிக்கட்டி மேல் வைத்து, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு தள்ளு என்றாராம் அப்பா. அங்கே பிள்ளைகள் அப்படித்தான் பழகுவார்களாம். விழுந்தால் நாற்காலியும் சேர்ந்து விழும். ஒருநாள் அவள் தள்ளிக்கொண்டே போகும்போது நாற்காலி மட்டும் முன்னால் போய்விட்டது. அவள் கையில் எதுவும் இல்லாமல் பின்னாலேயே வழுக்கிப் போய்க்கொண்டிருந்தாள். "அப்போதுதான் எனக்குத் தெரிந்தது" என்றாள். என்ன தெரிந்தது என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வாய்க்கால் சரியாக உறைந்த வருஷங்கள் குறைவாம். அதனால் கூரை போட்ட தடத்தில் கிளப்பில் சேர்ந்து, விடியும் முன்னால் அப்பா பால் கறந்துவிட்டு வண்டியில் கொண்டுபோய் விட, பள்ளிக்கூடத்துக்கு ஈரத் தலையோடு போய், சிறுமிகள் போட்டியில் ஜெயித்து, பத்தொன்பது வயதில் பெரிய அணியில் இடம் பிடித்தாள். அந்த இரண்டு குளிர்காலம் அவள் பெயர் பேப்பரில் வந்தது. பிறகு முதுகு. அவள் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு இடுப்புக்கு மேலே கையை வைத்தாள், நம் தோட்டத்துப் பெண்கள் வைக்கிற அதே இடத்தில். அணி அவளை விட்டுவிட்டது. அவள் நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் வேலையில் அரை நாள் சேர்ந்து, மீதி அரை நாள் தன் முதுகைத் தானே சரிசெய்துகொண்டு, அணி இல்லாமல் தனியாளாகத் திரும்பி வந்து ஓடினாள். உனக்கு அவளைத் தெரிந்தது அந்தச் சமயத்தில்தான். நீ பனிக்கட்டியில் விழுந்து எழ முடியாமல் கிடந்தாய், அவள் இழுத்து ஓரத்தில் போட்டாள். அதை அவள் நடித்தும் காட்டினாள், நீ கிடந்த கோலத்தை. நான் அவ்வளவு சிரித்து நாளாயிற்று.

அப்புறம் அந்த நிமிர்ந்த கதை. நான் புரிந்துகொண்டது சரியா என்று நீயே பார். உள் தடம் நீளம் குறைந்தது, வெளித் தடம் நீளமானது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் பின்கோட்டில் தடம் மாறிக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் இருவரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால், வெளியிலிருந்து உள்ளே வருகிறவளுக்குத்தான் வழி. உள்ளேயிருந்து வெளியே போகிறவள் ஒதுங்க வேண்டும். அன்றைக்கு லீஸ் உள்ளே இருந்தாள், எதிராளி வெளியிலிருந்து வந்தாள். லீஸ் நிமிர்ந்து வேகத்தைக் கொட்டிவிட்டு வழிவிட்டாள். வழி உரிமை உள்ளவளை யாராவது மறித்துவிட்டால் அவள் மறு ஓட்டம் கேட்கலாம். "ஒதுங்கியவளுக்கு?" என்றேன். "ஒதுங்கியவளுக்கு மறு ஓட்டம் இல்லை" என்றாள். அது நியாயமா என்று கேட்டேன். வெங்காயத் தோலை ஒரு பக்கமாகக் கூட்டி ஒதுக்கிவிட்டுச் சொன்னாள்: "நியாயம்தான். அன்று வழி அவளுடையது. நான் இன்னும் ஓடினால், ஒருநாள் வழி என்னுடையதாக வரும்."

இன்னும் ஏன் ஓட வேண்டும் என்றும் கேட்டுவிட்டேன், உனக்காகத்தான். மெடல் என்று சொல்வாள் என்று நினைத்தேன். வளைவில் நன்றாகச் சாய்ந்து போகும்போது எப்போதாவது கால்கத்தியின் சத்தமே நின்றுவிடுமாம். பயிற்சியில் சில முறை அப்படி நடந்திருக்கிறது. போட்டியில் நடந்ததே இல்லை. "ஒரு தடவை போட்டியில் அதைக் கேட்க வேண்டும்" என்றாள். கேட்காமல் இருப்பதைக் கேட்க வேண்டும் என்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவள் சைக்கிளில் போடிமெட்டு ஏறினாளே, அன்றைக்கு நீ பல்வலி என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டாய். அதனால் நீ பார்க்காததைச் சொல்கிறேன். கோடையெல்லாம் அவர்கள் சைக்கிள்தான் ஓட்டுவார்களாம், காலுக்கு. பக்கத்துத் தெரு வாத்தியாரிடம் கியர் சைக்கிளை வாங்கிக்கொண்டு மலையடிவாரத்து முந்தலில் இருந்து ஏறினாள். உன் அப்பா தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய ஜீப்பை அவள் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தார். நான் முன்சீட்டில். பின்னால் சிலமலை முத்தம்மாளும் மற்ற பெண்களும் நெருக்கியடித்துக்கொண்டு, எட்டிப் பார்த்துக்கொண்டு.

"ஏ ஆத்தா, எறங்கி ஜீப்புல ஏறிக்க. எடம் இல்லேன்னா மடியில வச்சுக்கிர்றோம்!" என்று முத்தம்மாள் கத்தினாள்.

"அவளுக்குத் தமிழு தெரியாதுக்கா" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"கால் வலிக்கு என்னடி தமிழு வேண்டிக் கெடக்கு? அண்ணே, நம்ம ஜீப்பு முக்குறதப் பாத்தா அந்தப் புள்ள நமக்கு முன்னாடி போய்க் காய் எடுத்துப்புடும் போலயே."

"நீங்க எறங்கி நடந்தா ஜீப்பும் வெரசாப் போகும்" என்றார் உன் அப்பா.

ஒரு கொண்டை ஊசி வளைவில் மேலேயிருந்து ஒரு ஜீப் இறங்கி வந்தது. லோடு ஏற்றியிருந்தது, மூட்டை கூரைக்கு மேல். சைக்கிளைப் பார்த்ததும் டிரைவர் பிரேக் போட்டுப் பின்னால் எடுத்து, பாறையோரமாக ஒட்டி நிறுத்தினார். லீஸ் தலையைத் தூக்காமல் அவரைத் தாண்டி ஏறிப் போனாள். எங்கள் ஜீப் பக்கத்தில் வந்ததும் உன் அப்பா, "சைக்கிளுக்கா இவ்வளவு மரியாத?" என்று கேட்டார். "ஏறி வர்றவங்களுக்குத்தானண்ணே வழி. அது சைக்கிளா இருந்தா என்ன, லாரியா இருந்தா என்ன. நின்னுட்டா மறுபடி மிதிக்கிறது எம்புட்டுச் செரமம்" என்றார் அந்த மனிதர். மேலே டீக்கடையில் அவள் முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தபோது நான் இதை அவளுக்குச் சொன்னேன். அவள் டீ டம்ளரை வைத்துவிட்டு, "உங்கள் மலையிலும் இந்த விதி இருக்கிறதா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

தோட்டத்திலும் அவள் சும்மா இருக்கவில்லை. பனி இறங்கிய நடைபாதையில் முழங்காலை மடக்கி, முதுகைச் சாய்த்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பக்கவாட்டில் கால் மாற்றி மாற்றி நடந்தாள். அதுதான் அவர்களுக்குத் தரையில் பயிற்சியாம். ஏலச்செடி அடியில் குனிந்து, தரையில் படர்ந்த சரத்திலிருந்து காய் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்துவிட்டார்கள். "சம்பளத்துக்குக் குனியுறோம் நாங்க. இது சும்மாவே குனியுதே!" என்றாள் முத்தம்மாள். பிறகு அவளையும் செடியடியில் உட்காரவைத்தார்கள். கைக்கு வந்ததையெல்லாம் பறித்தாள். "பிஞ்சக் கிள்ளாத தாயி!" என்று ஒரே கூச்சல். அப்போது நான் அவளுக்குச் சரத்தைத் தூக்கிக் காட்டினேன். ஒரே சரத்தில் விளைந்த காயும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், நுனியில் பூவும் இருக்கும். விளைந்ததை மட்டும் எடுத்துவிட்டு அதே செடிக்குத் திரும்பத் திரும்ப வருவோம், தை வரைக்கும். அவளுக்கு இருபத்தேழு ஆகிவிட்டது, முடிந்துபோன கதை என்று நீ நேற்றுச் சொன்னபோது எனக்கு அந்தச் சரம் கண்ணுக்கு வந்தது.

இனி நான் உனக்குச் சொல்லாத ஒன்று. பெரிய ரகசியம் எல்லாம் இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கும் தையில்தான் கல்யாணம். நான் காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். கணக்குப் பாடம். சுமாராக இல்லை, நன்றாகவே வந்தது. உன் அப்பா வீட்டில் பெண் கேட்டு வந்தபோது யாரும் என்னைப் படிக்காதே என்று சொல்லவில்லை. உன் அத்தைகூட, "கல்யாணத்துக்கு அப்புறமும் பஸ்சுல போய்ட்டு வரட்டுமே" என்றுதான் சொன்னார்கள். கல்யாணம், மறுவீடு, விருந்து, மாசியில் தோட்டத்துக்குப் புதுசாக லீசு எழுதியது, பங்குனித் திருவிழா. பரீட்சை அந்தப் பக்கமாக வந்துவிட்டுப் போனது. பிறகு நீ வயிற்றில் இருந்தாய். உன் அப்பாவைக் குற்றம் சொல்ல முடியாது, அவரிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. என்னை யாரும் நிறுத்தவில்லை, அப்பு. தேதி வந்து நின்றது.

இப்போது தெரிகிறதா, உன் வாக்கியம் எங்கே போய்க் குத்தியது என்று. நீ அதைப் புதிதாகக் கண்டுபிடித்ததைப் போலச் சொன்னாய். எனக்கு அது பழக்கமான குரல். என் வாழ்க்கை வீணாகிப் போனது என்று நீ நினைத்துக்கொள்ளாதே. நீ இருக்கிறாய், உன் அப்பாவின் மோசமான பகடிகள் இருக்கின்றன, கிளை நூலகத்தில் நான் படிக்காத அலமாரி இன்னும் ஒன்று இருக்கிறது. ஆனால் யாராவது ஒருத்தர் என் முகத்துக்கு நேரே, "படிப்பை விட்டுவிடு" என்று சொல்லியிருந்தால் நான் முடியாது என்றோ சரி என்றோ சொல்லியிருப்பேன். எதையாவது சொல்லியிருப்பேன். தேதியிடம் என்ன சொல்வது? அதற்கு முகம் கிடையாது. இத்தனை வருஷம் கழித்தும் கோபப்பட எனக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை. லீஸுக்கும் அப்படி ஒரு தேதியைத் தூக்கிக் கொடுக்க என்னை அனுப்பாதே.

இன்று காலையில் ராசிங்காபுரத்து அத்தை வந்திருந்தார்கள். உன்னிடம் தை என்று சொன்னதே அவர்கள்தானே, அவர்களிடமே பேசிவிடலாம் என்று காபியைக் கொடுத்துவிட்டு ஆரம்பித்தேன்.

"மதினி, கல்யாணத்த வைகாசியில வச்சுக்கலாமா?"

"ஏன், தைக்கு என்ன வந்துச்சு? நம்ம குடும்பத்துல எந்தக் கல்யாணம் தைய விட்டு வெளிய போயிருக்கு? எங்கல்யாணம் தை. உங்கல்யாணம் தை."

"அதான் ஏன் தைன்னு கேக்குறேன்."

"இது என்ன கேள்வி? காய் எடுப்பு அப்பத்தான் முடியும். ஆளுக கீழ எறங்குவாக, கையி சும்மா இருக்கும், நாலு பேரு வந்து பந்தியில உக்காருவாக. காய் எடுப்பு நடக்கையில கல்யாணம் வச்சா மாப்ளயே ஸ்டோர்ல காய் ஒணத்திக்கிட்டுல்ல இருப்பான்?"

"அந்தப் புள்ளைக்குத் தையிலதான் மதினி காய் எடுப்பு."

அத்தை காபியைக் குடிக்காமல் என்னைப் பார்த்தார்கள். "என்னது?"

"குளிர் காலத்துலதான் பனி. ஐப்பசியில தொடங்குனா மாசி வரைக்கும். வருசம் பூராப் பாடுபட்டதெல்லாம் தையில ஒரு நாள் ரெண்டு நாள்ல எடுத்தாகணும். விட்டா அடுத்த வருசம்தான்."

அத்தை காபியை ஆற்றினார்கள், தேவைக்கு மேலேயே ஆற்றினார்கள். பிறகு, "இத மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? ஐஸ்ல ஓடுறா, ஐஸ்ல ஓடுறான்னு சொன்னா எனக்கு என்னத்தா வெளங்கும்? வெள்ளாமை அறுக்குற நேரத்துல எந்த வீட்லயாச்சும் தாலி கட்டுவாகளா?" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "வைகாசின்னா மாம்பழம் மலிஞ்சு கெடக்கும். பந்தியில பாயாசத்தோட ஆளுக்கொரு துண்டு வைக்கலாம்" என்று அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். போகும்போது வாசலில் நின்று, "அந்தப் பந்தயம் என்னைக்குன்னு சொல்லு. நானும் வந்து உக்காந்து பாக்குறேன். இந்தத் தடவ நிமுந்தான்னா நான் கேப்பேன்" என்றார்கள்.

ஆக, "வீட்ல தைங்கிறாங்க" என்ற சொல் இனி உன்னிடம் இல்லை. அதை எடுத்துவிட்டேன். கோபப்படு, பரவாயில்லை. இப்போது அவளிடம் சொல்வதற்கு உனக்கு மிச்சமிருப்பது உன் சொல் மட்டும்தான். "எனக்குப் பயமாக இருக்கிறது, உன்னை இன்னொரு தடவை அப்படிப் பார்க்க முடியாது, நிறுத்திவிடு" என்று சொல்ல வேண்டுமென்றால் அவள் முகத்தைப் பார்த்து நீயே சொல். அவள் சண்டை போடுவாள், அல்லது சரி என்பாள், அல்லது நீ பயப்படுகிறாய் என்று தெரிந்ததே போதும் என்று உன் தலையைக் கோதிவிட்டு மறுநாள் பயிற்சிக்குப் போவாள். எனக்குத் தெரியாது. ஆனால் பதில் சொல்ல அவளுக்கு எதிரே ஒரு ஆள் இருப்பான்.

அவள் இந்தத் தையிலும் தோற்கலாம். அதையும் நினைத்துத்தான் எழுதுகிறேன். வளைவில் அந்தச் சத்தம் நிற்காமலேயே போகலாம். அப்போது அவள் பாத்திரம் கழுவினால் நீ பக்கத்தில் நின்று துடைத்து வை. எனக்குப் போன் செய்து அழ வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அழு. ஆனால் துடைத்து முடித்துவிட்டுச் செய். தோற்றுப்போனவளோடு வாழ்வது கஷ்டம்தான். ஓடவே விடாமல் நிறுத்தப்பட்டவளோடு வாழ்வது வேறு மாதிரிக் கஷ்டம். அது சத்தமே போடாது. உன் அப்பாவைக் கேட்டால் அப்படி ஒன்று இந்த வீட்டில் இருந்ததே தெரியாது என்பார். நானும் தெரியவிட்டதில்லை.

நம் பக்கத்தில் கல்யாணமாகி வருகிறவள்தான் ஒதுங்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். சாப்பாட்டில், தூக்கத்தில், பேச்சில், பெயரில். யாரும் அதை விதி என்று எழுதவில்லை, ஆனாலும் எல்லாரும் அதன்படிதான் ஓட்டுகிறோம். அவள் ஊர்ப் பனிக்கட்டியில் அதைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து உள்ளே வருகிறவளுக்கு வழி. நம் மலை ரோட்டிலும் கிட்டத்தட்ட அதேதான், பெயர் தெரியாத ஒரு டிரைவருக்கு அது தெரிந்திருக்கிறது. நீ பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் உள் தடத்தில் ஓடியவன். உனக்குச் சுற்று எப்போதும் கொஞ்சம் குறைவு. அதில் உன் தப்பு எதுவும் இல்லை, தடம் அப்படி. இப்போது அவள் வெளியிலிருந்து வருகிறாள், முதுகு வலியோடு, தலையைத் தூக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு. இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் வந்திருக்கிறீர்கள். நின்றுவிட்டால் மறுபடி மிதிப்பது அவளுக்குத்தான் சிரமம்.

வண்டியைப் பின்னால் எடுத்து ஓரம் கட்டு, அப்பு. அவள் ஏறிப் போகட்டும். மேலே டீக்கடையில் எப்படியும் நின்று உனக்காகக் காத்திருப்பாள்.

இதற்குப் பதிலாகப் "பாப்போம்" என்று மட்டும் சொல்லாதே.

உன்
அம்மா